கட்டைவிரலா, விரல்நுனியா? மணிக்கட்டு வலிக்கு டிராக்பால் வாங்க நினைக்கிறேன்

அச்சுக்கோவை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ராயப்பேட்டையில ஒரு அச்சகத்துல 14 வருஷமா பக்கம் கட்டுறேன். பாடநூல் கையேடு, கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர்னு எது வந்தாலும் செய்வேன். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் கையில மவுஸ் இருக்கும்.

போன தீபாவளி மலர் வேலை முடிஞ்சதுல இருந்து வலது கையில வலி. முன்கையோட மேல்பக்கம், முழங்கைக்குக் கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு மணிக்கட்டு வரைக்கும் இழுக்குது. வீட்டுக்குப் போகும்போது வண்டி ஆக்சிலேட்டரை முறுக்கினா சுருக்குன்னு குத்துது. டாக்டர்கிட்ட காட்டினேன். எலும்புல ஒண்ணும் இல்ல, கையை வச்சிருக்கிற விதத்தை மாத்துங்க, ஓய்வு கொடுங்கன்னார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துல கையேடு வேலை குவிஞ்சு கிடக்கு, முழு ஓய்வு எடுக்க முடியாது.

எங்க மேசையை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கிறோம். இடது பக்கம் மெய்ப்புக் கட்டு, வலது பக்கம் ஸ்கேனர். மவுஸுக்கு மிஞ்சுறது ஒரு சாண் இடம். அதுக்குள்ள நகர்த்தி, முனைக்குப் போனதும் தூக்கி, திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன்.

வேலை நுணுக்கமானது. கீழ் வரியில இருக்கிற 'ர்' மேல புள்ளி, மேல் வரி 'ழு'வோட வாலில் முட்டும். அந்தப் புள்ளியை மட்டும் பிடிச்சு முடியளவு இறக்கணும். எழுத்துரு திருத்துற வேலை வந்தா ழகர வளைவுல கணு கணுவா, அதாவது வளைவை வரையுற புள்ளி புள்ளியா நகர்த்தணும்.

டிராக்பால் வாங்கலாம்னு ஒருத்தர் சொன்னார், அதாவது மவுஸுக்குப் பதிலா ஒரு பந்தை உருட்டிச் சுட்டியை நகர்த்துற கருவி. பார்த்தா ரெண்டு ஜாதி இருக்கு: கட்டைவிரல்ல உருட்டுறது, விரல்நுனியில உருட்டுறது. எது எனக்குச் சரிவரும்? என் கை சின்னது. கணினி விண்டோஸ்.

---

ஈரோட்டுக்காரன் எழுதியது:

லாஜிடெக் எம்575. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. ஒரு பென்சில் பேட்டரி போட்டா மாசக்கணக்கா ஓடுது. கட்டைவிரல்தான் உருட்டும், மற்ற விரலெல்லாம் மவுஸ்ல இருக்கிற மாதிரியே இருக்கும், அரை நாள்ல பழகிடும். நான் ஜிஎஸ்டி கணக்கு போடுறவன், 3 வருஷமா இதுதான்.

---

வரைமேசை எழுதியது:

ஈரோட்டு நண்பர் சொல்றது அவருக்குச் சரிங்க. உங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரலை. நானும் அப்படித்தான் வாங்கினேன், ஒன்றரை வருஷத்துல கட்டைவிரல் அடியில வேற ஒரு வலி வந்து சேர்ந்துச்சு. கோவையில பம்பு, வால்வு வார்ப்புகளுக்கு வரைபடம் போடுற தொழில் எனக்கு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல புள்ளி பிடிக்கிற கைங்க இது.

மவுஸ்ல தோளு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வேலையைப் பங்கு போட்டுக்கும். டிராக்பால் உடம்பு மேசையில அசையாம உட்கார்ந்திருக்கும், பந்து மட்டும் உருளும். உங்க ஒரு சாண் மேசைப் பிரச்சினை முதல் நாளே தீர்ந்துடும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அவ்வளவு பேரும் செஞ்ச வேலையை இப்ப யார் தலையில ஏத்துறோம்னு பாருங்க. கட்டைவிரல் வகையில மொத்தப் பயணத்தையும் அந்த ஒத்தை விரல்தான் சுமக்கணும். கட்டைவிரல் பிடிக்கவும் அழுத்தவும் கெட்டிக்காரன். நாள் முழுக்க இடவலமா, மேலுங்கீழுமா துழாவச் சொன்னா அது வேற கதைங்க.

விரல்நுனி வகையில பந்து நடுவுல இருக்கும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணும் மாறி மாறி உருட்டலாம், ஒண்ணு களைச்சா இன்னொண்ணு. பெரும்பாலும் கட்டைவிரல் கிளிக்குக்கு. கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ்னு பேர், பேர்ல மவுஸ் இருந்தாலும் அது டிராக்பால்தான். 55 மி.மீ. பந்து, சுத்தி ஒரு வளையம், வளையத்தைத் திருப்பினா திரையில பக்கம் மேலுங்கீழுமா நகரும், நாலு பொத்தான். அதே கம்பெனியோட ஸ்லிம்பிளேடு தட்டையா இருக்கும், அதுலயும் 55தான். அதுல வளையம் கிடையாது, பந்தையே திருகு மாதிரி சுழற்றினா பக்கம் நகரும். சின்னக் கைக்கு ஆர்பிட்னு ஒண்ணு, 40 மி.மீ. பந்து, வளையம் உண்டு, பொத்தான் ரெண்டே ரெண்டு. ஜப்பான் எலெகாம்ல ஹியூஜ்னு ஒண்ணு 52 மி.மீ., பேருக்கேத்த மாதிரி பெரிய உருப்படி, கை சின்னதுன்னா விட்டுடுங்க.

கட்டைவிரல் வகையில லாஜிடெக் எம்575, எம்எக்ஸ் எர்கோ ரெண்டுலயும் 34 மி.மீ. பந்து. எர்கோவை 20 டிகிரி சாய்ச்சு வைக்கலாம், அடியில காந்தத் தகடு இருக்கு. கைக்கு அந்தச் சாய்வு நல்லா இருக்கும், பொய் சொல்லக்கூடாது.

34 மி.மீ. பந்தோட சுற்றளவு ஏறக்குறைய 107 மி.மீ., 55 மி.மீ. பந்துக்கு 173. பெரிய பந்தை ஒரு தள்ளு தள்ளி விட்டா கனத்துல தானா ஓடித் திரையோட அந்தக் கோடிக்குப் போகும், நுனி விரலால தொட்டா அங்கயே நிக்கும். நுணுக்க வேலைக்கு இதுதான் பெரிய சௌகரியம்.

வாங்குறதுக்கு முன்னாடி காசில்லாம ஒரு சோதனை பண்ணுங்க. டேபிள் டென்னிஸ் பந்து ஏறக்குறைய 40 மி.மீ. ஒரு அகலமான பாட்டில் மூடியில அதை வச்சு, மூணு விரலால 10 நிமிஷம் உருட்டிப் பாருங்க. அப்புறம் கட்டைவிரலால மட்டும் 10 நிமிஷம். எந்த இடம் முணுமுணுக்குதுன்னு கை சொல்லிடும்.

வலி சரியா எங்கன்னும் இன்னும் தெளிவாச் சொல்லுங்க. விரல் ஏதாவது மரத்துப்போகுதா?

---

அச்சுக்கோவை எழுதியது:

மரத்துப்போகலை சார். மவுஸ் மேல ஆள்காட்டி விரலை அழுத்தாம சும்மா தூக்கி வச்சிருக்கும்போதுதான் அதிகமா இழுக்குது. முழங்கைக்கு 3 விரல்கடை கீழ ஒரு இடத்தை அமுக்கினா வலிக்குது. கட்டைவிரல்ல ஒண்ணும் இல்ல.

---

வைகைக்கரை எழுதியது:

நான் இயன்மருத்துவர். இங்கே எழுதுவதை வைத்து யாருக்கும் நோய் இன்னதென்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும் எல்லோருக்கும் சில விஷயங்கள் பயன்படும்.

கையில் வலி என்றதும் கார்ப்பல் டனல் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அது மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்கப்படுவதால் வருவது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும், பெரும்பாலும் இரவில் எழுப்பிவிடும். சுண்டுவிரல் அதில் சேராது. வரைமேசை அவர்களுக்குக் கட்டைவிரல் அடியில் வந்த வலி வேறு ரகமாக இருக்கலாம். கட்டைவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகினால் டி க்வெர்வேன் என்பார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வரும். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தால் அந்த ஓரத்தில் சுள்ளென்று வலிக்கும். அப்படி வலிப்பவர்கள் கட்டைவிரல் டிராக்பாலை வாங்கவே வேண்டாம்.

அச்சுக்கோவை, நீங்கள் சொல்வது மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகள் இருக்கும் இடம். விரலைப் பொத்தானுக்கு மேல் தூக்கியே வைத்திருப்பது அந்தத் தசைகளுக்கு ஓயாத வேலை. இங்கே ஒரு எச்சரிக்கை: விரல்நுனி டிராக்பாலிலும் இதே தவறைச் செய்யலாம். பந்துக்கு மேல் விரல்களை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தால் வலி அப்படியே இருக்கும். விரல்கள் பந்தின் மேல் படுத்திருக்க வேண்டும், பூனைக்குட்டி முதுகில் கை வைத்த மாதிரி.

இன்னொன்று உயரம். பெரிய பந்து உள்ள கருவி உயரமாக இருக்கும். மேசையில் மணிக்கட்டை ஊன்றி விரல்களை மேலே ஏற்றினால் மணிக்கட்டு பின்னால் மடங்கும். எக்ஸ்பர்ட் மவுஸோடு ஒரு கைமெத்தை வரும், அதைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். அதைவிட முக்கியம் மேசையின் உயரம். தோள் தளர்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டி, முன்கை தரைக்கு இணையாக இருக்கிறதா? நம் அலுவலகங்களில் பாதி மேசைகள் நின்று எழுதும் உயரத்தில் இருக்கின்றன. நாற்காலியை ஏற்றுங்கள், கால் எட்டாவிட்டால் காலுக்குக் கீழே பலகை போடுங்கள்.

---

நங்கூரம் எழுதியது:

தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பல்ல அதிகாரி. ரேடார், மின்வரைபடத் திரை ரெண்டுக்கும் எங்ககிட்ட டிராக்பால்தான், பலகையிலேயே பதிச்சிருக்கும். கப்பல் 15 டிகிரி உருளும்போது மவுஸை வச்சா அது மேசையை விட்டே போயிடும். ராத்திரி காவல்ல திரையில இருந்து கண்ணை எடுக்காம, கை தடவின உடனே பந்து அங்கதான் இருக்கும். எதிர்ல வர்ற கப்பலோட புள்ளி மேல குறியைக் கொண்டுபோய் நிறுத்தி அமுக்குவோம், அதோட வேகம், திசை, எவ்வளவு கிட்ட வரும்னு எல்லாம் வந்து நிக்கும்.

இந்தப் பந்து பொறந்ததே கடற்படைக்காகத்தான். 1946-ல பிரிட்டிஷ் கடற்படை ரேடாருக்காக ரால்ஃப் பெஞ்சமின் உருவாக்கினார். ராணுவ ரகசியம்னு வெளிய விடலை. 1952 வாக்குல கனடா கடற்படையோட டேட்டார் திட்டத்துல இன்னொரு குழு தனியாச் செஞ்சாங்க, அதுல பந்துக்குப் பதில் அந்த ஊர் பௌலிங் விளையாட்டுப் பந்தையே போட்டாங்க. மவுஸைக் கண்டுபிடிச்ச டக்ளஸ் எங்கல்பார்ட் அதை உலகத்துக்குக் காட்டினது 1968 டிசம்பர்ல. மவுஸுக்கு மாற்று டிராக்பால்னு நாம பேசுறோம், வயசுல இதுதான் மூத்தது.

அச்சுக்கோவை அண்ணாச்சி, பெரிய பந்தையே வாங்குங்க. 4 மணி நேரக் காவல்ல ஒரு நாளும் எனக்குக் கை வலிச்சதில்ல.

---

செவ்வந்தி எழுதியது:

நான் ரொறன்ரோவில அல்ட்ராசவுண்ட் எடுக்கிறனான், 11 வருசமா இதுதான் வேலை. எங்கட மெசினிலயும் நடுவில ட்ராக்பால்தான். வலது கையில புறோப், அதுதான் உடம்பில வைச்சுப் பாக்கிற கருவி, இடது கையால பந்து. வயித்தில இருக்கிற பிள்ளையின்ர தலை அளவு, தொடையெலும்பு அளவு எண்டு ஒவ்வொண்டுக்கும் இந்த முனையில ஒரு புள்ளி, அந்த முனையில ஒரு புள்ளி வைக்க வேணும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நாள் கணக்கு மாறிப்போகும். அந்த வேலையை ஒரு நாளில நூறு தரம் இந்தப் பந்தாலதான் செய்யிறம். ஆகையால நுணுக்கம் வராது எண்டு யாரும் சொன்னால் நம்பாதையுங்கோ.

நான் எழுத வந்தது துப்புரவைப் பற்றி. இதை ஒருத்தரும் முதலில சொல்லமாட்டினம். பந்து மூண்டு சின்ன மணிகளில தங்கி நிக்கும், கடுகு அளவுதான் இருக்கும். கையில இருக்கிற எண்ணெய்ப்பிசுக்கு, தூசி, எங்களுக்கு ஜெல், எல்லாம் உருண்டு உருண்டு அந்த மூண்டு மணியிலயும் வந்து ஒட்டும். ஒரு நாள் பந்து ஒரு பக்கம் வடிவா ஓடும், மற்றப் பக்கம் திக்கித் திக்கிப் போகும். உடன சாமான் பழுது எண்டு நினைச்சிடுவினம். பந்தை வெளிய எடுங்கோ. சிலதில அடியில ஒரு ஓட்டை இருக்கும், பென்சிலால தள்ளினால் வரும். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியால மூண்டு மணியையும் சுரண்டாமல் துடையுங்கோ. உள்ளுக்க இருக்கிற கண்ணாடிக் கண்ணையும் மெதுவா ஊதிவிடுங்கோ. பந்தை வெறும் மெல்லிய துணியால துடைச்சால் காணும். கிழமைக்கு ஒருக்கால் போதும்.

புதுப் பந்து முதல் ரெண்டு மூண்டு நாள் கொஞ்சம் பிடிக்கும். கையில இருக்கிற எண்ணெய் ஏற ஏறச் சரிவரும். அவசரப்பட்டு ஒண்டும் பூசாதையுங்கோ.

மற்றது, இடது கையைப் பழக்குங்கோ. நான் வலக்கைக்காரி. வேலையில பழகினதால வீட்டிலயும் இடது கையாலதான் உருட்டிறன். வலிக்கிற கைக்கு அதைவிட நல்ல ஓய்வு இல்லை.

---

செங்குத்து எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் எழுதுகிறேன். விரல்நுனி டிராக்பாலை நான் 2 மாதம் உண்மையாகவே முயன்றேன். இழுத்து விடும் வேலை அதில் கொடுமை. கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே மற்ற விரல்களால் பந்தை உருட்ட வேண்டும். கை நண்டு மாதிரி விரிந்து நிற்கும். படம் ஒன்றைப் பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோவதற்குள் நழுவிவிடும். பக்கம் கட்டுபவருக்கு நாள் முழுக்க இதுதானே வேலை?

செங்குத்து மவுஸ், அதாவது கைகுலுக்குவது போலப் பிடிக்கும் மவுஸ் எனக்கு வலியைப் போக்கியது. புதிதாக எதையும் கற்கவும் வேண்டாம். அதையும் யோசியுங்கள்.

---

வரைமேசை எழுதியது:

இழுக்கிற கஷ்டம் உண்மைங்க, மறுக்கலை. அதுக்கு வழி இருக்கு. விண்டோஸ் மவுஸ் அமைப்புலயே கிளிக்லாக் இருக்கு. ஒரு கணம் அமுக்கி விட்டா பொத்தான் பிடிச்சபடியே நிக்கும், பந்தை நிதானமா உருட்டலாம், இன்னொரு தடவை தட்டினா விட்டுடும். நான் டிராக்பாலோட மென்பொருள்ல 4 பொத்தான்ல ஒண்ணை இதே மாதிரி பூட்டுறதுக்கே ஒதுக்கிட்டேன். கை நண்டாகவே வேண்டாம்.

செங்குத்து மவுஸ் நல்ல கருவிதான். ஆனா இவர்கிட்ட இருக்கிறது ஒரு சாண் இடம். அது எப்படிப் பிடிச்சாலும் நகர்த்த இடம் வேணுமில்லீங்களா?

---

கட்டற்றவன் எழுதியது:

யாராவது லினக்ஸில் இருந்தால்: சக்கரமோ வளையமோ இல்லாத பழைய டிராக்பால்களை விலை குறைவாக வாங்கலாம். ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு பந்தை உருட்டினால் பக்கம் நகரும்படி லிபின்புட்டில் (லினக்ஸில் மவுஸ், விசைப்பலகை போன்றவற்றைக் கவனிக்கும் மென்பொருள்) அமைக்கலாம். எனக்கு வளையத்தைவிட இது பிடிக்கும், மேலும் கீழும் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் போகலாம். பெரிய அட்டவணைகளுக்கு அருமை.

கருவியையே திறந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கனடாவின் ப்ளூப்பி இருக்கிறது. வரைபடம், நிரல் எல்லாம் திறந்தநிலை, உடல் 3டி அச்சில் வருவது, எந்தப் பொத்தான் என்ன செய்யவேண்டும் என்பதைக் கருவிக்குள்ளேயே எழுதி வைக்கலாம். எந்தக் கணினியில் செருகினாலும் அதே மாதிரி நடக்கும்.

கம்பியில்லாதது வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரிசீவரை யுஎஸ்பி 3 துளையில், அதுவும் ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் செருகினால் சுட்டி விட்டுவிட்டு நகரும். அந்தத் துளை எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும். ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் ரிசீவரைத் தள்ளி வையுங்கள். இது தெரியாமல் நல்ல கருவியைத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

---

இடங்கை எழுதியது:

செவ்வந்தி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கட்டைவிரல் வகை பெரும்பாலும் வலக்கைக்கு மட்டும்தான் வருகிறது. எலெகாம் இடக்கைக்கென்று ஒன்று செய்கிறது, வேறு அதிகம் இல்லை. எக்ஸ்பர்ட், ஸ்லிம்பிளேடு, ஆர்பிட் மூன்றும் இரண்டு கைக்கும் பொருந்தும். வலி வந்தவர்கள் கை மாற்ற முடிகிற கருவியை வாங்குவது நல்லது. பிறவி இடங்கைக்காரனாக இருந்து பொருத்தமான சாமான் தேடித் தேடி அலுத்தவன் சொல்கிறேன்.

---

அச்சுக்கோவை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டேபிள் டென்னிஸ் பந்து சோதனை செஞ்சேன். கட்டைவிரல்ல 6 நிமிஷத்துலயே அடியில சூடு ஏறுற மாதிரி இருந்துச்சு. மூணு விரல்ல ஒண்ணும் தெரியலை. அதனால விரல்நுனிதான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆர்பிட்டா எக்ஸ்பர்ட்டான்னு ரெண்டு நாள் குழம்பினேன். கை சின்னதுதான், ஆனா ரெண்டு பொத்தான் எனக்குப் பத்தாது. ஒண்ணை இழுக்கிற பூட்டுக்கு, ஒண்ணை முந்தைய செயலை ரத்து செய்யறதுக்கு வச்சுக்கணும். எக்ஸ்பர்ட்டே வாங்கிட்டேன், கம்பி உள்ளது. வந்ததும் எழுதுறேன்.

---

அச்சுக்கோவை எழுதியது, 4 வாரம் கழித்து:

உண்மையைச் சொல்றேன், முதல் 3 நாள் அழுகையே வந்துடும் போல இருந்துச்சு. 'ழு'வோட வாலைப் பிடிக்கப் போனா சுட்டி பக்கத்துப் பத்திக்குப் போய் நிக்குது. மவுஸ்ல 10 நிமிஷத்துல முடிக்கிற பக்கம் 25 நிமிஷம் ஆச்சு. முதலாளி பின்னால வந்து நின்னு பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனார். அவசர வேலைக்கு மவுஸையும் கூடவே செருகி வச்சிருந்தேன். ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யும்னு எனக்கு அப்பதான் தெரியும். புதுசா மாறுறவங்க இப்படியே செய்யுங்க, பிழைப்பு நிக்காது.

நாலாம் நாள் சுட்டி வேகத்தை நல்லாக் குறைச்சேன். அதோட 'சுட்டித் துல்லியத்தைக் கூட்டு'ங்கிற தேர்வையும் எடுத்துவிட்டேன். விரல் மெதுவாப் போனா ஒரு அளவு, வேகமாப் போனா இன்னொரு அளவுன்னு அது மாத்திக்கிட்டே இருந்துச்சு, அதனாலதான் கைக்குக் கணக்கு பிடிபடலை. எடுத்துவிட்டதும் விரல் எவ்வளவு போகுதோ அவ்வளவு சுட்டி போச்சு. தூரமாப் போகணும்னா வரைமேசை சார் சொன்ன மாதிரி ஒரு தள்ளு, அப்புறம் தொட்டு நிறுத்தறது.

ரெண்டாவது வாரம் நடந்ததை எழுதியே ஆகணும். ஒரு தேவாரப் பதிப்பு வந்தது, நெருக்கமான வரி, பக்கத்துக்கு 20 இடத்துல புள்ளி முட்டுது. மவுஸ்ல புள்ளிமேல சுட்டியைக் கொண்டுபோய் அமுக்குற அந்த அமுக்குலயே மவுஸ் ஒரு நூல் நகர்ந்துடும், எழுத்து முழுசாத் தேர்வாகிடும். 14 வருஷமா அதை என் கை நடுக்கம்னே நினைச்சிருந்தேன். பந்துல உருட்டி நிறுத்திட்டு விரலை எடுத்துட்டேன். சுட்டி புள்ளிமேலயே அசையாம நின்னுச்சு. கட்டைவிரலால தனியா அமுக்கினேன். புள்ளி மட்டும் தேர்வாச்சு. நகர்த்தறது ஒரு விரல், அமுக்கறது ஒரு விரல், ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணலை. அன்னைக்கு 16 பக்கம் முடிச்சேன், ஒரு இடத்துலகூட ரத்து பொத்தானைத் தொடலை.

செங்குத்து சார் சொன்ன இழுக்கிற கஷ்டம் இன்னும் இருக்கு. பூட்டுப் பொத்தான் முக்கால்வாசி தீர்த்துச்சு. வளைவுல கணுவோட கைப்பிடியைச் சுத்தி இழுக்கும்போது மட்டும் இன்னும் மவுஸ் அளவுக்கு வரலை. அந்த வேலை வந்தா மவுஸைத்தான் எடுக்கிறேன்.

12-ஆம் நாள் பந்து இடவலமாப் போச்சு, மேல போகலை. செவ்வந்தி அக்கா எழுதினதைப் படிச்சிருக்காட்டி கடைக்காரர்கிட்ட போயிருப்பேன். பந்தை எடுத்தேன். அச்சகத்துத் தாள் தூசியும் பிசுக்கும் சேர்ந்து மூணு மணியிலயும் எள்ளு மாதிரி கறுப்பா ஒட்டியிருந்துச்சு. துடைச்சதும் ஓட ஆரம்பிச்சுது. எங்களுக்கு வாரம் ஒரு தடவை பத்தாது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துடைக்கிறேன்.

வைகைக்கரை டாக்டர் சொன்னபடி நாற்காலியை ஏத்தி, காலுக்குக் கீழ ரெண்டு பழைய காகிதக் கட்டு வச்சேன். வலி போயிடுச்சான்னு கேட்டா, போகலை. காலையில இல்ல, மத்தியானம் இல்ல, சாயங்காலம் 6 மணிக்கு மேல லேசா இழுக்குது. முன்னாடி 10 மணிக்கே ஆரம்பிக்கும். எவ்வளவு பந்தால, எவ்வளவு நாற்காலியாலன்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை.

ஒரே ஒரு தொல்லை. மேசையைப் பங்கு போட்டுக்கிற நண்பர் என் ஷிப்டு முடிஞ்சதும் மவுஸோட உட்காருவார். நான் குறைச்சு வச்ச வேகம் அவருக்கு ஆமையா இருக்கு.

---

கட்டற்றவன் எழுதியது:

விண்டோஸ் அமைப்பில் சுட்டி வேகம் எல்லா மவுஸுக்கும் ஒன்றுதான், அதனால்தான் இந்தச் சிக்கல். ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவரவர் வேகம் அவரவர் கணக்கில் இருக்கும். இல்லாவிட்டால் டிபிஐ (மவுஸ் அசைவை எவ்வளவு நுணுக்கமாக உணர்கிறது என்ற அளவு) மாற்றும் பொத்தான் உள்ள மவுஸ் ஒன்றை நண்பருக்கு வாங்கித் தாருங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

10 மணி 6 மணியானது நல்ல மாற்றம். அரை மணிக்கு ஒரு தடவை கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். இன்னும் 2 மாதத்தில் முழுவதும் போகவில்லை என்றால் நேரில் ஒரு இயன்மருத்துவரிடம் காட்டுங்கள், அந்தத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகள் இருக்கின்றன.

---

மல்லிப்பூ எழுதியது:

இந்த இழையை முழுக்கப் படிச்சேன். என் கேள்வி கொஞ்சம் வேற. அப்பாவுக்கு 71 வயசு, பார்கின்சன் நடுக்கம். பேரன்கூட வீடியோவில பேசவும் பேப்பர் படிக்கவும் கம்ப்யூட்டர்தான். மவுஸைப் பிடிச்சா கை ஆடுற ஆட்டத்துல சுட்டி பறக்குது, கிளிக் பண்றதுக்குள்ள வேற எங்கயோ போயிடுது. அவருக்கு இது உதவுமா?

---

வைகைக்கரை எழுதியது:

உதவ வாய்ப்பு அதிகம் அம்மா. அவருக்குப் பெரிய பந்தாகப் பாருங்கள். உடல் ஊனமுற்றோருக்கென்றே பிக்ட்ராக் என்று ஒன்று வருகிறது, 75 மி.மீ. மஞ்சள் பந்து, உள்ளங்கையாலேயே உருட்டலாம், பொத்தான்கள் பந்துக்குப் பின்னால் தள்ளி இருக்கும். அது கிடைக்காவிட்டால் 55 மி.மீ. போதும்.

முன்கை முழுவதும் மேசையில் படுத்திருக்கட்டும், அந்தரத்தில் இருந்தால் ஆட்டம் கூடும். வேகத்தை மிகக் குறைத்து வையுங்கள். அச்சுக்கோவை எழுதியதை அப்பாவுக்குச் செய்து காட்டுங்கள்: உருட்டி நிறுத்து, கையைப் பந்திலிருந்து எடு, பிறகு அமுக்கு. முடிந்தால் அமுக்குவதற்கு மற்றக் கையைப் பழக்குங்கள். இரட்டைக் கிளிக் வேகத்தையும் கடைசிவரை குறைத்துவிடுங்கள்.

---

அச்சுக்கோவை எழுதியது:

மல்லிப்பூ, நீங்க சென்னையில இருந்தா அப்பாவை ஒரு ஞாயித்துக்கிழமை அச்சகத்துக்குக் கூட்டிட்டு வாங்க. அன்னைக்கு மெஷின் ஓடாது, சத்தம் இருக்காது. என்னோடதுல உட்கார்ந்து அரை மணி நேரம் உருட்டிப் பார்க்கட்டும், அப்புறம் வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம். தனிமடல்ல முகவரி அனுப்புறேன்.